‘இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல’ என்று சொல்லிவிட்டார்களா? ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டியவை

ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர் உங்களை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "எல்லாம் பார்த்தாச்சு, இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்குங்க" என்று சொன்னால், அவர் பேசுவது நோயைப் பற்றி மட்டும்தான். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், படுக்கைப் புண், ராத்திரித் தூக்கம் இல்லாமல் புலம்புவது, பயம் என்று நோயாளி படுகிற பாட்டுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. அதற்கென்றே பேலியேட்டிவ் கேர் என்று ஒரு மருத்துவப் பிரிவு இருக்கிறது, சில ஆஸ்பத்திரிகளில் வலி நிவாரணப் பிரிவு என்று போர்டு மாட்டியிருப்பார்கள். என்ன ஒன்று, நம் ஊரில் இது தானாக வராது, கேட்டால்தான் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகம் முழுக்க இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது. மீதிப் பேரில் ஒருவராக உங்கள் வீட்டு ஆள் ஆகிவிடாமல் இருக்க யாரிடம் எதைக் கேட்பது என்பதைத்தான் இதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. வீட்டில் ஒருவரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டதிலும், அதற்கப்புறம் தெரிந்தவர்களுக்காக வார்டு வார்டாக ஏறி இறங்கியதிலும் தெரிந்துகொண்டது இது. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி.

எப்போது கேட்பது

இப்போதே. முற்றிய பிறகுதான் பேலியேட்டிவ் பக்கம் போக வேண்டும், அங்கே அனுப்பினால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் என்கிற நினைப்பு படித்தவர்களிடமே இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்டவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள், 2010ல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேரும் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 11.6 மாதம் உயிரோடு இருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். அதுவும் கடைசிக் கட்டத்தில் உடம்பைப் படுத்தும் தீவிரச் சிகிச்சை குறைவாகப் பெற்று. ஆக, கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே இதையும் கேட்கலாம், ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்பதில்லை. புற்றுநோய்க்கு மட்டும் என்பதும் இல்லை. டயாலிசிஸ் பலிக்காத சிறுநீரகக் கோளாறு, இதயம் பலவீனமாகிப் போனவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், பக்கவாதத்தில் படுத்த படுக்கையானவர்கள், பார்க்கின்சன், மறதிநோய் என்று எல்லாருக்கும் பொருந்தும்.

கேட்க வேண்டிய வாசகம் ரொம்பச் சின்னது: "சார், பேலியேட்டிவ் கேர் டீமுக்கு ஒரு ரெஃபரன்ஸ் எழுதிக் கொடுங்க." இங்கே அந்தப் பிரிவு இல்லை என்று சொன்னால், எங்கே இருக்கிறதோ அங்கே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இரண்டிலும் முதலில் விசாரியுங்கள். புற்றுநோய் என்றால் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென்று பிரிவு உண்டு. ஊரிலேயே இருப்பவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பேலியேட்டிவ் நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்த்தி. பி.பி., சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிற அதே தன்னார்வலர் அக்காவிடம் "எங்க வீட்ல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லுங்கள், இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்தும் வழி கேட்கலாம். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு 1800 202 7777 என்ற இலவச எண்ணில் நாடு முழுவதற்கும் வழிகாட்டுகிறது. கேரளாவில் இந்தச் சேவை 1993ல் கோழிக்கோட்டில் சின்னதாகத் தொடங்கி, 2008ல் மாநில அரசே இதற்கெனக் கொள்கை அறிவிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பக்கத்து மாநிலம்தான், பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

டாக்டரிடம் பேசும்போது

"இன்னும் எவ்வளவு நாள் சார்?" என்று கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் "கடவுள் கையில" என்று நழுவிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தேதி சொல்ல யாராலும் முடியாது. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "மாசக் கணக்கா, வாரக் கணக்கா, நாள் கணக்கா?" இதற்குப் பெரும்பாலும் நேரான பதில் வரும், வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் போடச் சொல்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க அது போதும். அடுத்தது, ஏதாவது புதிதாக டெஸ்ட்டோ புரொசீஜரோ எழுதினால், "இது நோயைக் குறைக்கவா, கஷ்டத்தைக் குறைக்கவா, இதைச் செய்யாம விட்டா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ரவுண்ட்ஸில் ஒரு படுக்கைக்கு 2 நிமிடம் கிடைத்தாலே அதிகம், அதில் பதற்றத்தில் பாதி மறந்துவிடும். ஓ.பி. முடிந்த மத்தியான நேரத்தில் 10 நிமிடம் உட்கார்ந்து பேச முடியுமா என்று நர்ஸ் மூலமாகக் கேட்டுப் பார்த்தால் நிறையப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

குடும்பத்தில் ஒரே ஒருவர் மட்டும் டாக்டரிடம் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். காலையில் மூத்த மகன் "கஷ்டப்படுத்த வேண்டாம்" என்பார், மத்தியானம் மருமகன் "எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல" என்பார், ராத்திரி நியூஜெர்சியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வீடியோ காலில் வருகிற தம்பி "ஏன் அந்த ஸ்கேன் எடுக்கல?" என்று சண்டை போடுவார். தூரத்தில் இருப்பவருக்குத்தான் குற்ற உணர்வு அதிகம், அது கோபமாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். அவரையும் ஒரு தடவை டாக்டரோடு போனில் நேரடியாகப் பேச வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அடங்கிவிடும்.

அப்புறம், நோயாளியிடம் சொல்வதா வேண்டாமா? நம் வீடுகளில் பைலை மறைத்து, நர்ஸுக்குக் கண்ணைக் காட்டி, "சாதாரணக் கட்டிதான், சரியாயிடும்" என்று நாடகம் நடக்கும். முக்கால்வாசி நேரம் படுத்திருப்பவருக்கு விஷயம் தெரிந்துதான் இருக்கும், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அவரும் தெரியாத மாதிரி இருப்பார். போட்டு உடைக்கச் சொல்லவில்லை. "உங்களுக்கு டாக்டர் என்னப்பா சொன்னாரு? ஏதாவது கேக்கணுமா?" என்று ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், கேட்காவிட்டால் திணிக்காதீர்கள். பாங்க் லாக்கர் எங்கே, யாரிடம் எவ்வளவு வரவேண்டியது, எந்த மகளைப் பார்க்க ஆசை என்பதெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வரும்.

மார்பின் பற்றிக் கொஞ்சம் விரிவாக

காரணம், இதில்தான் அதிகமான வீண் கஷ்டம். தாங்க முடியாத வலிக்கு மார்பின் மாத்திரைதான் அடிப்படை மருந்து, விலையும் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் போய் வாங்கிவிட முடியாது. 1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் ஒரு பாட்டில் மாத்திரை வைத்திருக்கவே பல லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரிகள் நமக்கேன் வம்பு என்று விட்டுவிட்டன. 2014ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனமாக இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். மார்பின் எடுப்பதே அபினிலிருந்துதான்; மருந்து ஆலைகளுக்காக அரசு லைசென்ஸோடு அபின் பயிரிடுகிற நாடு நம்முடையது, நம் வீட்டு வலிக்கு மட்டும் மாத்திரை தேடி அலைய வேண்டியிருக்கிறது, என்ன சொல்ல. எனவே கேட்க வேண்டிய கேள்வி: "இங்கே வாய் வழி மார்பின் கிடைக்குமா, இல்லையென்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும்?"

எழுதிக் கொடுத்துவிட்டால் சாதாரண மாத்திரை வேலை செய்வது சுமார் 4 மணி நேரம்தான். அதனால் வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வலி திரும்புவதற்கு முன்பே மணி பார்த்துக் கொடுப்பது. போனில் அலாரம் வைத்து, ஒரு நோட்டில் நேரமும் வலி எவ்வளவு என்று 10க்கு ஒரு மார்க்கும் எழுதி வைத்தால் அடுத்த முறை டாக்டர் அளவை மாற்ற அதுவே போதும். இடையில் வலி பொத்துக்கொண்டு வந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள், நடு ராத்திரியில் யாரைப் போய்க் கேட்பீர்கள்? முதல் 2, 3 நாள் தூக்கமாக இருக்கும், சிலருக்குக் குமட்டும், பெரும்பாலும் பிறகு சரியாகிவிடும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது, மார்பின் எழுதும் அன்றே மலமிளக்கியும் எழுதச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து எனிமாவோடு அல்லாடும் வீடுகள் ஏராளம். "அடிமையாகிவிடுவார்", "மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வலிக்கு ஏற்ற அளவில், டாக்டர் கண்காணிப்பில் கொடுத்தால் இரண்டு பயத்துக்கும் அடிப்படை இல்லை. திடீரென்று எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு ரொம்ப மெதுவாவது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நிறுத்துவதாக இருந்தாலும் படிப்படியாக, அவர்கள் சொல்கிறபடிதான்.

மூச்சுத்திணறலுக்கும் குறைந்த அளவு மார்பின் உதவும். முகத்துக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன், முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்கார வைத்த நிலை, அறையில் கூட்டம் குறைவு, இந்த மூன்றுமே ஆக்சிஜன் சிலிண்டர் அளவுக்குச் சில பேருக்கு ஆறுதல் தருகிறது. ஆறாத புற்றுப் புண்ணில் நாற்றம் வந்து யாரும் பக்கத்தில் போகாமல் இருக்கிறார்களா? மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவும் முறை பேலியேட்டிவ் நர்ஸ்களுக்கு அத்துப்படி, எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள். பேத்தி மறுபடி பாட்டி பக்கத்தில் வந்து உட்கார அது ஒன்று போதும். ஏர் பெட் வாங்கிப் போட்டாயிற்று என்று விட்டுவிடாமல் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடுவதும் அவசியம்.

ஐ.சி.யு., வென்ட்டிலேட்டர்

நிலைமை மோசமாகும்போது "டியூப் போடலாமா, சீக்கிரம் சொல்லுங்க" என்று கையெழுத்துக்குப் பேப்பரை நீட்டுவார்கள். அந்த நேரத்தில் யாராலும் யோசிக்க முடியாது. முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய விஷயம் இது: குணமாகிற வாய்ப்புள்ள பிரச்சினைக்காகச் சில நாள் வென்ட்டிலேட்டர் என்றால் ஒரு கணக்கு, உடம்பே ஓய்ந்து போனவருக்கு நெஞ்சை அழுத்தி விலா எலும்பு உடைய உயிரைப் பிடித்து வைப்பது என்றால் வேறு கணக்கு. இதயம் நின்றால் மறுபடி இயக்க முயல வேண்டாம் என்று டாக்டரும் குடும்பமும் பேசி முடிவு செய்து கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020ல் வழிமுறை வெளியிட்டிருக்கிறது. அதைக் கேட்டால் சிகிச்சையையே நிறுத்திவிடுவார்கள் என்று அர்த்தமில்லை, ஆன்டிபயாடிக், வலி மருந்து எல்லாம் தொடரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பு சொன்னது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. புத்தி தெளிவாக இருக்கும் 18 வயது நிரம்பிய யாரும், மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம், தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்று லிவிங் வில் எழுதி, 2 சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். அப்படி எழுதாமல் போனவர்களுக்கும் வழி இருக்கிறது: குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஆஸ்பத்திரியில் சிகிச்சை தரும் டாக்டரும் 2 நிபுணர்களும் கொண்ட முதல் குழு, பிறகு வெளியிலிருந்து மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டரையும் சேர்த்த இரண்டாவது குழு, இரண்டும் ஒப்புக்கொண்டால் உயிர்காக்கும் கருவியை விலக்கிக்கொள்ளலாம், அதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். குழுக்கள் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். நடைமுறையில் நிறைய ஆஸ்பத்திரிகள் இதைத் தொடவே தயங்குகின்றன, மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். இதில் விஷ ஊசி சமாச்சாரம் எதுவும் கிடையாது, அது இந்தியாவில் குற்றம்.

எதற்கும் வழியில்லை என்றாலும், ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கோ தனி அறைக்கோ மாற்றச் சொல்லுங்கள். பீப் சத்தத்துக்கு நடுவில், கையைக் கட்டி வைத்து, ஒரு நாளைக்கு 10 நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவதைவிட, ஒருவர் மாற்றி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் சாதா வார்டு எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

வீட்டுக்கா, ஆஸ்பத்திரியிலேயேவா

உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்பது நம் பக்கத்தில் நிறையக் குடும்பங்களின் ஆசை, படுத்திருப்பவரின் ஆசையும்கூட. ஆனால் வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனர் சம்மதிப்பாரா, மூன்றாவது மாடிக்கு எப்படித் தூக்குவது, ராத்திரி யார் விழிப்பது என்பதையெல்லாம் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

வீட்டுக்கு என்று முடிவானால் ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். பல ஆஸ்பத்திரிகளில் "மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்" என்ற பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மருந்துச் சீட்டுகூட இல்லாமல் ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள். போகச் சொன்னதே அவர்கள்தான், பேப்பரில் மட்டும் நீங்கள் மீறிப் போனதாக இருக்கும். அதற்குப் பதில் முறையான டிஸ்சார்ஜ் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன நோய், எந்தக் கட்டம், இனி ஆதரவு சிகிச்சை மட்டுமே என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, அமைதியின்மை நான்குக்கும் வீட்டில் கொடுக்கிற மாதிரி மருந்து, வாயால் விழுங்க முடியாமல் போனால் என்ன செய்வது என்ற வழி, ராத்திரி கூப்பிட ஒரு போன் நம்பர், கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) எப்போது மாற்ற வேண்டும் என்ற தேதி, இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். இந்தச் சம்மரிக்கு இன்னொரு பயனும் உண்டு, கீழே வருகிறது. வீட்டுக்கு வந்ததும் தெரு முனையில் இருக்கும் டாக்டரை ஒரு தடவையாவது வரச்சொல்லி நோயாளியைப் பார்த்துப் போகச் செய்யுங்கள்.

கடைசி நாட்கள்

சாப்பாடு குறையும். இதைத்தான் வீட்டார் தாங்க மாட்டார்கள், "பட்டினி போட்டுக் கொன்னுட்டோமே" என்று ஊட்டிவிடப் பார்ப்பார்கள், குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிச் சண்டை போடுவார்கள். உடம்பு அடங்கும்போது பசி போய்விடும், அந்த நேரத்தில் ஏற்றுகிற தண்ணீர் காலிலும் நுரையீரலிலும்தான் தேங்கும். கை கால் சில்லிட்டு, தோலில் நீலத் திட்டு விழும், நாள் முழுக்கத் தூக்கமாக இருக்கும். மூச்சு வேகமாகப் போய், கொஞ்ச நேரம் நின்று, மறுபடி வரும். தொண்டையில் கபம் கரகரவென்று இழுக்கும், கேட்பவருக்குப் பதைக்குமே தவிர, நினைவு தப்பிப் படுத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், டாக்டரைக் கேட்டால் கபம் குறைய ஊசியோ மருந்தோ தருவார். வாய் காய்ந்து போகாமல் ஈரப் பஞ்சால் துடைத்து உதட்டில் கொஞ்சம் வெண்ணெயோ எண்ணெயோ தடவுங்கள்.

பால் ஊற்றுவது பற்றி. எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் ஊற்றுவார்கள், விழுங்கத் தெரியாத நிலையில் அது நேராக மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறித் திணறும். வேண்டாம் என்று சொன்னால் பெரியவர்கள் மனம் கோணும். பாலோ துளசித் தண்ணீரோ ஜம்ஜம் நீரோ, பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள், சடங்கும் நடந்த மாதிரி, அவருக்கும் தொந்தரவில்லை. காது கடைசி வரை கேட்கும் என்று பேலியேட்டிவ் நர்ஸ்கள் சொல்வார்கள், அதனால் சொத்துச் சண்டையை மட்டும் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பூசாரியோ பாதிரியாரோ இமாமோ வர வேண்டும் என்றால் வார்டிலும் அனுமதி கேட்கலாம், பெரும்பாலும் மறுப்பதில்லை.

போன பிறகு, முதல் சில மணி நேரம்

வார்டில் என்றால் நர்ஸிடம் டியூப், கதீட்டர் எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டுவது சீக்கிரமே செய்ய வேண்டியது. மூக்குத்தி, மோதிரம், மெட்டி எல்லாம் எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், கை கால் வீங்குகிறவராக இருந்தால் இதை முன்பே கழற்றிவிடுவது நல்லது. கண் தானம் செய்வதாக இருந்தால் 6 மணி நேரத்துக்குள், 104க்குச் சொன்னால் வழி சொல்வார்கள், அதுவரை ஃபேனை நிறுத்திவிட்டு இமை மேல் ஈரப் பஞ்சு வையுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி உண்டு, வாசலில் நிற்கும் தனியார் வண்டியோடு பேரம் பேசுவதற்கு முன் அதைக் கூப்பிட்டுப் பாருங்கள். பில் பாக்கி என்று தனியார் ஆஸ்பத்திரி உடலைத் தர மறுக்கக் கூடாது, தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் அது இருக்கிறது. விபத்து, தீக்காயம், விஷம் என்று முதலில் சேர்த்த கேஸாக இருந்தால், ஒரு மாதம் கழித்து இறந்தாலும் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் என்று போகும், அதற்கு ஒரு நாள் ஆகலாம் என்று ஊரில் சொல்லி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்த இறப்பை ஆஸ்பத்திரியே பதிவாளருக்கு அனுப்பும். நீங்கள் செய்ய வேண்டியது, அனுப்புவதற்கு முன் பெயரைச் சரிபார்ப்பது. ராத்திரி 2 மணிக்கு அவசரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்திருப்பார், பெயரை அவருக்குத் தெரிந்த மாதிரி சொல்லியிருப்பார், ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், இங்கே முன்னால் இருக்கும், வயது 5 வருடம் தள்ளிப் போயிருக்கும். அப்புறம் எல்.ஐ.சி., பென்ஷன், வாரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வொரு கவுன்டரிலும் இதே எழுத்துப்பிழை உங்களைத் துரத்தும். ஆதார் நகலை நீட்டி, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் நீங்கள்தான் பதிய வேண்டும், கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம். தாமதமானால் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைச்சல். நகரங்களில் சுடுகாட்டிலேயே டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், இதற்குத்தான் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் தெரு முனை டாக்டரும். முகமே பார்த்திராத ஆளுக்கு எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

துக்கத்துக்கும் ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது

16ஆம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆள் இருக்கும், பந்திக்கு இலை போடவே நேரம் சரியாக இருக்கும். 17ஆம் நாள்தான் கூடம் காலியாக இருப்பது உறைக்கும். மாதக்கணக்கில் மணிக்கு மணி மருந்து கொடுத்து, புரட்டிப் போட்டு, துணி மாற்றிய மருமகளுக்கோ மனைவிக்கோ திடீரென்று நாள் முழுக்கச் செய்ய ஒன்றும் இருக்காது. சடங்கில் முன்னால் நிற்பது மகன், துக்கம் விசாரிப்பதும் அவரைத்தான். பார்த்துக்கொண்டவரைத் தனியாக உட்கார வைத்து விசாரியுங்கள்.

"அன்னிக்கே வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா?", "டியூப் வேணாம்னு சொன்னது நான்தானே?" என்ற கேள்விகள் ராத்திரியில் வந்து நிற்கும். இதற்குச் சொந்தக்காரர் சொல்லும் சமாதானத்தைவிடச் சிகிச்சை கொடுத்த டாக்டரின் 10 நிமிடம் அதிகம் உதவும். காரியம் முடிந்து சில வாரம் கழித்து, கேஸ் ஷீட்டோடு அவரைப் பார்க்க நேரம் கேளுங்கள். இதை எதிர்பார்க்காத டாக்டர்கள்தான் அதிகம், ஆனால் சண்டைக்கு வரவில்லை, புரிந்துகொள்ள வந்திருக்கிறோம் என்று சொன்னால் பேசுவார்கள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பேலியேட்டிவ் நர்ஸ், இறப்புக்குப் பிறகும் ஒரு தடவை வந்து போவது நல்ல டீம்களில் வழக்கம், வரவில்லையென்றால் நீங்களே கூப்பிடலாம். ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருந்தால் விதவை ஓய்வூதியம் போன்ற விண்ணப்பங்களுக்கும் அவரையே கேட்கலாம்.

குழந்தைகளிடம் "தாத்தா தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லாதீர்கள், அப்புறம் அது தூங்கவே பயப்படும். செத்துப்போனார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, திரும்ப வர மாட்டார் என்று நேராகச் சொல்லி, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கும், பரவாயில்லை.

அழுகை, தூக்கமின்மை, திடீர்க் கோபம் எல்லாம் வரும், வரட்டும், முதல் நாளே தூக்க மாத்திரை கொடுத்து அடக்க வேண்டாம். 6 மாதம் தாண்டியும் சமையல், வேலை, குளியல் எதுவும் ஓடாமல் அப்படியே உறைந்து போயிருந்தால் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும். "நானும் போயிடுறேன்" என்ற பேச்சு வந்தால் 6 மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே தனியாக விடாமல் பார்த்துக்கொண்டு 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, எந்நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மிச்சம் இருக்கும் மார்பினை எண்ணி, கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அலமாரியில் வைக்காதீர்கள், வலி என்று வருகிற வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். பிரிக்காத டயப்பர், ஏர் பெட், வீல்சேர் எல்லாவற்றையும் அதே பேலியேட்டிவ் பிரிவில் கேட்டால் தேவைப்படும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் மறக்காமல் ரசீதோடு கொண்டுபோய்க் கொடுங்கள், தினக் கணக்கில் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும், டெபாசிட்டும் ரசீது இருந்தால்தான் திரும்ப வரும்.